ஒரு ரீம் உயரம், ஒரு தாள் தூரம்

பேருந்தில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து செல்போன் நழுவுகிறது. படியில் முட்டி, சாலையில் விழுந்து, இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் கிடக்கிறது. பதறியடித்து எடுத்துப் பார்க்கிறோம். ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது. படங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. அன்று மாலையே கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறோம். அரைக் கிலோவுக்கு மேல் எடை, கெட்டியான அலுமினிய வார்ப்பு. கையில் வாங்கினால் செங்கல் துண்டு போலக் கனக்கிறது. கடைக்காரரோ அதை முட்டையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடிக்கிறார். மேசையில் வைப்பதற்கு முன் ஒரு ஸ்பாஞ்சு விரிப்பை இழுத்துப் போடுகிறார். “பார்த்து வைங்க சார், டக்குனு வெச்சிராதீங்க” என்கிறார்.

கண்ணாடி முகம் கொண்ட போன் தார்ச்சாலையில் விழுந்து பிழைக்கிறது. உலோகக் கட்டியோ மேசையில் ‘டக்’ என்று வைப்பதற்கே அஞ்சுகிறது. ஏன்?

போனைப் பற்றிய விடை சிறியது. அதில் தகவலைச் சேமிக்கும் பகுதியில் அசைகிற உறுப்பே கிடையாது. சில்லுக்குள் மின்னேற்றமாகத் தகவல் அடைபட்டிருக்கிறது. சில்லைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். இப்போதைய மடிக்கணினிகளில் வருகிற எஸ்எஸ்டியும் இதே இனம்தான். ஆனால் கடைவாசலில் மாட்டிய கேமராக்களின் பதிவுப் பெட்டி முதல், நாம் மேகத்தில் வைத்திருப்பதாக நினைக்கும் படங்களைத் தாங்கும் தரவு மையங்கள் வரை, பெருங்கொள்ளளவு வேண்டிய இடங்களில் இன்றும் உழைப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். புத்தகத் தமிழில் அதை வன்தட்டு என்கிறோம். கடையில் புழங்கும் பெயரையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

தரையை உரசாத பேருந்து

ஹார்ட் டிஸ்கின் மூடியை வீட்டில் திறக்கக் கூடாது. ஒரு முறை திறந்தால் அதன் கதை முடிந்தது. ஆகவே மனத்தால் திறப்போம். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டுகள், ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேசைக் கணினிக்கான 3.5 அங்குல ஹார்ட் டிஸ்கில் ஒரு வட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். அதன்மீது மெல்லிய காந்தப் பூச்சு. நம் படங்களும் பாட்டுகளும் கணக்கு வழக்குகளும் அந்தப் பூச்சில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாக இருக்கின்றன.

வட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். 7,200 என்றால் விநாடிக்கு 120 சுற்று. வட்டின் வெளி விளிம்பில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால் அது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு வட்டின் மேற்பரப்புக்கும் ஒரு கரம் உண்டு. கரத்தின் நுனியில், கசகசா விதையைவிடச் சிறிய ஒரு துண்டு. படிப்பதும் எழுதுவதும் அதுதான். மெக்கானிக்குகள் அதை ‘ஹெட்’ என்பார்கள். நாம் முனை என்று வைத்துக்கொள்வோம். முனையை ஒரு மெல்லிய எஃகுத் தகடு வட்டை நோக்கி அழுத்துகிறது. வட்டு சுழலும்போது அதை ஒட்டிய காற்றும் கூடவே இழுபட்டு, முனைக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது. தகடு கீழே அழுத்த, காற்று மேலே தள்ள, இரண்டும் சமமாகும் இடத்தில் முனை மிதக்கிறது. வட்டைத் தொடுவதில்லை. தொட்டால் அந்த வேகத்தில் பூச்சு உரிந்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது? இன்றைய ஹார்ட் டிஸ்குகளில் மூன்று நானோமீட்டர் அளவுக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இந்த எண்ணை மனத்தில் பிடிக்க, எல்லாவற்றையும் பெருக்கிப் பார்ப்போம். முனையின் நீளம் 0.85 மில்லிமீட்டர். அதைப் பத்து மீட்டர் நீளமுள்ள பேருந்தாக ஊதிப் பெரிதாக்கினால், அதற்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி 35 மைக்ரான் ஆகும். அது தலைமுடியின் தடிமனில் பாதி. அரை முடி உயரத்தில், சாலையைத் தொடாமல், முழு வேகத்தில் ஒரு பேருந்து போய்க்கொண்டே இருக்கிறது, வருடக்கணக்காக.

எப்போதும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் ஹார்ட் டிஸ்கில், 24 அங்குல விட்டமுள்ள வட்டுகள் ஐம்பது இருந்தன. ராமாக் என்ற கணினியோடு வந்த அந்தப் பெட்டி ஏறக்குறைய ஒரு டன் எடை. அத்தனை பெரிய உருவத்தில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்தின் அளவு. அதில் முனைக்கும் வட்டுக்கும் இடைவெளி சுமார் 20 மைக்ரான். அந்த இடைவெளியைக் காக்கவே தனியாக ஒரு காற்றழுத்த இயந்திரம் ஓடியது. தானாக மிதக்கும் முனை 1961-இல்தான் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இடைவெளி ஆறாயிரம் மடங்குக்கு மேல் சுருங்கிவிட்டது.

காரணம் எளியது. பொடி எழுத்தைப் படிக்க வேண்டுமானால் கண்ணைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். காந்தப் புள்ளிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, முனையும் நெருங்கித்தான் ஆக வேண்டும். கொள்ளளவைக் கூட்டிய ஒவ்வொரு படியிலும் இடைவெளியைத்தான் விலையாகக் கொடுத்திருக்கிறோம். ஹார்ட் டிஸ்க் மென்மையான பொருளாக இருப்பது தயாரிப்பின் குறையன்று. அது நிறைய நினைவில் வைப்பதற்கும் அது எளிதில் காயப்படுவதற்கும் காரணம் ஒன்றே.

முனை படுத்துறங்கும் இடம்

சுழற்சி நின்றால் காற்றுத் தலையணை போய்விடும். அப்போது முனை எங்கே போகும்? பழைய ஹார்ட் டிஸ்குகளில் வட்டின் உட்புறமாக, தகவல் எழுதாத ஒரு வளையம் இருந்தது. அங்கே போய் முனை இறங்கி உட்காரும். பெரும்பாலான புதியவற்றில் வட்டின் வெளி விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பிளாஸ்டிக் சரிவு இருக்கிறது. அணைத்ததும் கரம் வெளியே ஒதுங்கி அந்தச் சரிவில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஒரு தாழ்ப்பாள் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வட்டின் மேல் இப்போது எதுவுமே இல்லை.

திடீரென்று மின்சாரம் போனால்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் நின்றாலும் வட்டு உடனே நிற்பதில்லை. வேகத்தின் மிச்சத்தில் சுழன்றுகொண்டுதான் இருக்கும். வட்டைச் சுழற்றிய அதே மோட்டார், இப்போது வட்டால் சுழற்றப்பட்டு டைனமோவாக மாறிவிடுகிறது. அதிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் மின்சாரத்தில் கரம் சரிவில் ஏறிவிடுகிறது. விளக்கு அணைந்த வீட்டில், தன் உடம்பின் கடைசிச் சூட்டில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு ஓய்வது மாதிரி.

ஆக, ஹார்ட் டிஸ்குக்கு இரண்டு நிலைகள். ஓடும்போது ஒன்று, உறங்கும்போது ஒன்று. தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் தனித்தனித் தாங்குதிறன் எண் தருகிறார்கள். மேசைக் கணினிக்கான 3.5 அங்குல ஹார்ட் டிஸ்கில் ஓடும்போது 70 ஜி, உறங்கும்போது 300 ஜி என்ற அளவில் அவை இருக்கும். மடிக்கணினிக்கான 2.5 அங்குலத்தில் 400, 1,000 என்ற அளவுக்குக்கூடப் போகும். அது அலைச்சலுக்கென்றே செய்யப்பட்டது.

ஜி என்பது என்ன? ஒரு பொருளின் எடையை அளவுகோலாக வைத்து உலுக்கலைச் சொல்லும் முறை. சும்மா மேசையில் இருக்கிற பொருள் 1 ஜி-யைத் தாங்குகிறது. 300 ஜி என்றால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையைப்போல 300 மடங்கு கனப்பதாக உணரும். 300 என்றதும் பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் எவ்வளவு சுலபமாக அந்த எண்ணை எட்டிவிடலாம் என்பதை ஒரு கட்டுத் தாளை வைத்தே கணக்கிடலாம்.

ஐந்நூறு தாள் கணக்கு

ஜெராக்ஸ் கடையில் வாங்கும் ஒரு ரீம் தாளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு தாள், உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். ஒரு தாளின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

அந்த ரீமின் உயரத்திலிருந்து, பக்கத்தில் உள்ள கிரானைட் பலகைமேல் ஹார்ட் டிஸ்க் கைநழுவி விழுவதாக வைப்போம். வெறும் ஐந்து சென்டிமீட்டர். பத்தில் ஒரு விநாடியில் விழுந்துவிடும். ‘ஐயோ’ என்று சொல்லக்கூட நேரமிருக்காது.

விழும்போது நடப்பது இது. பூமி, 500 தாள் தூரம் முழுக்க, அதன் எடை அளவுக்கு இழுத்து இழுத்து வேகத்தைச் சேர்க்கிறது. தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். நாம் சாவகாசமாக நடக்கிற வேகத்துக்குச் சற்றுக் குறைவு. இனி அந்த வேகம் முழுவதையும் கிரானைட் பிடுங்கியாக வேண்டும். உலோகமும் விட்டுக்கொடுக்காது, கல்லும் விட்டுக்கொடுக்காது. இரண்டும் சேர்ந்து ஒரு தாளின் தடிமன் அளவுக்கு நசுங்கி மீள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 500 தாள் தூரத்தில் சேர்ந்ததை ஒரே தாள் தூரத்தில் பறிக்க வேண்டுமானால், 500 மடங்கு பலமாகத் தடுக்க வேண்டும்.

அதாவது 500 ஜி. அதுவும் சராசரிதான், உச்சம் இன்னும் கூடும். 600 கிராம் ஹார்ட் டிஸ்க் அந்தக் கணத்தில் 300 கிலோ கனத்துவிடுகிறது.

இப்போது அதே உயரம், அதே ஹார்ட் டிஸ்க். கிரானைட்மேல் ஒரு மவுஸ் பேடை மட்டும் போடுவோம். ரப்பர் ஸ்பாஞ்சு இரண்டு மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கிறது. அது 20 தாள் தூரம். ஐந்நூற்றை இருபதால் வகுத்தால் 25 ஜி. அரை சென்டிமீட்டர் அமுங்கும் விரிப்பானால் 10 ஜி. உயரத்தைக் குறைக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. நிற்பதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தோம், அவ்வளவுதான். கடைக்காரர் ஸ்பாஞ்சு விரிப்பை இழுத்துப் போட்டதன் பொருள் இதுவே. கணக்குப் போட்டு அவர் அதைக் கற்றிருக்க மாட்டார். திரும்பி வந்த ஹார்ட் டிஸ்குகள் கற்றுக்கொடுத்திருக்கும்.

எவ்வளவு உயரம் என்ற கேள்வியிலேயே நம் மனம் நிற்கிறது. மாடியிலிருந்து விழுந்தால் உடையும், விரல் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறோம். இந்தக் கணக்கில் உயரம் ஒரு பாதிதான். எதன்மேல் விழுகிறது என்பது மறுபாதி. ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கல்லில் பட்டாலே 100 தாளுக்கு ஒரு தாள், 100 ஜி. ஓடும் ஹார்ட் டிஸ்கின் 70-ஐ அது தாண்டிவிட்டது.

எவ்வளவு நேரம்?

இங்கே கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். 500 ஜி என்றால் 300 ஜி எல்லையைத் தாண்டிவிட்டதே. அப்படியானால் விரலிடுக்கில் நழுவிய ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் செத்திருக்க வேண்டுமே? அப்படி ஆவதில்லை. பல பிழைக்கின்றன. ஜி என்ற எண்ணோடு இன்னோர் எண்ணும் சேர்ந்தால்தான் விவரம் முழுமையாகும். அது நேரம்.

1954 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜான் ஸ்டாப் என்ற விமானப்படை மருத்துவர் ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பிறகு வண்டி ஒன்றரை விநாடிக்குள் நின்றது. அவர் தாங்கிய உச்சம் 46.2 ஜி. கண்களின் இரத்தக்குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வையே போய்விட்டது, உயிர் பிழைத்தார். மனித உடலை அந்த அளவு வதைக்க 46 ஜி போதுமாயிருந்தது. ஹார்ட் டிஸ்கோ 300 தாங்குகிறது. அது மனிதனைவிட உறுதி என்று இதற்குப் பொருளில்லை. ஸ்டாப்புக்கு வேதனை ஒரு விநாடிக்கு மேல் நீடித்தது. ஹார்ட் டிஸ்கின் 300 ஜி வெறும் இரண்டு மில்லி விநாடிக்கு. விவரத் தாளில் ஜி-க்குப் பக்கத்தில் ‘2 மில்லி விநாடி’ என்று பொடியாக அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். அதைப் படிக்காமல் 300 மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

சிறு வயதில் ஆடிய விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் வாயில் ஓர் அட்டை, அட்டைமேல் ஒரு ரூபாய் நாணயம். அட்டையை மெல்ல இழுத்தால் நாணயமும் கூடவே வரும். வெடுக்கென்று சுண்டினால் அட்டை பறந்துவிடும். நாணயம் நின்ற இடத்திலேயே டம்ளருக்குள் விழும். மிகச் சுருக்கமான உலுக்கலுக்குப் பதில் சொல்ல நாணயத்துக்கு நேரமில்லை.

நம் கணக்கில் கிரானைட் மோதல் நீடித்தது ஒரு மில்லி விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். உள்ளே இருக்கும் கரத்துக்கும் எஃகுத் தகட்டுக்கும் முழுதாக அசையக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் சில பிழைக்கின்றன. ஆனால் இதை நம்பி இருக்க முடியாது. கீழே விழும் பொருள் ஒரே அடியோடு நிற்பதில்லை. மூலை படும், துள்ளும், விளிம்பு படும், கடைசியில் முகம் தட்டையாக அறையும். ஊஞ்சலுக்கு அதன் ஆட்டத்துக்கு ஏற்ற தருணத்தில் சின்னச் சின்னத் தள்ளல் கொடுத்தால் அது உயரப் போவதுபோல, இந்த அடிகளில் ஒன்று மெல்லிய தகட்டின் ஆட்டத்தோடு பொருந்திவிட்டால் போதும். ஓடும் ஹார்ட் டிஸ்க் என்றால் முனை காற்றிலிருந்து எகிறி, திரும்ப வந்து வட்டை அறையும். பொறியாளர்கள் இதை அறைதல் என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். முனையின் மூலை வட்டில் குத்தி ஒரு பள்ளம் விழும், தூள் கிளம்பும்.

உறங்கும் ஹார்ட் டிஸ்கில் முனை வட்டின்மேல் இல்லை. ஆகவே அந்த அறை இல்லை. அங்கே வேறு காயங்கள். சரிவில் படுத்திருக்கும் கரங்கள் துள்ளி வளையலாம். அச்சின் தாங்கி சேதப்படலாம். வட்டு தன் பிடியில் ஒரு துளி நகரலாம். துளி என்றால் எவ்வளவு? இன்றைய வட்டில் தகவல் எழுதப்படும் தடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நானோமீட்டர் அகலம்தான். வட்டு ஒரு மைக்ரான் நகர்ந்தாலே இருபது தடம் தள்ளிப்போய்விடும். சிறு நகர்வைக் கரம் துரத்திப் பிடித்துச் சமாளிக்கும். பெரிதானால் அது தேடும் தடம் கிடைக்கவே கிடைக்காது.

மேசைமேல் நடக்கும் விபத்துகள்

கணினியைப் பூட்டும் நாளில்தான் ஹார்ட் டிஸ்க் தன் உறையைவிட்டு, பிடிப்பும் இல்லாமல், வெறுங்கையில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டியில் அதைச் சுற்றி அமுங்குவதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். கேபினெட்டில் திருகிய பிறகு அதன் எடையோடு பெட்டியின் எடையும் சேர்ந்துவிடும். அதைத் தூக்கி எறிய யாருக்கும் தோன்றாது. இடைப்பட்ட இந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தானது.

அதிலும் மிகச் சாதாரணமாக நடப்பது, கைநழுவி விழுவதைவிட, சாய்ந்து விழுவது. எனக்கு நடந்ததும் அதுதான். திருகு துளைகளைப் பார்ப்பதற்காக ஹார்ட் டிஸ்கை நீள விளிம்பில் நிறுத்தி வைத்திருந்தேன். திருகை எடுக்கத் திரும்பியபோது முழங்கை பட்டது. அது பொத்தென்று முகம் குப்புறச் சாய்ந்தது. ‘விழவில்லை, சாய்ந்ததுதானே’ என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு படங்களை எல்லாம் அதில் ஏற்றினேன். எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்தச் சாய்வைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். நிறுத்திய ஹார்ட் டிஸ்கின் உயரம் பத்து சென்டிமீட்டர். சாயும்போது கீழ் விளிம்பு நகராமல் நிற்க, மேல் விளிம்பு வளைந்து கீழே வருகிறது. மேசையைத் தொடும்போது அந்த விளிம்பின் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். பதினோரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்த வேகம். ரீம் கணக்கில் இரண்டு ரீமுக்கு மேல். அதோடு, மூலையில் பட்டுத் துள்ளுவதற்கு இடமில்லாமல், தட்டை முகம் தட்டை மேசையில் முழுதாக அறைகிறது. ஆகவே என் முதல் விதி: ஹார்ட் டிஸ்கை எந்த நிலையிலும் நிறுத்தி வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். செங்குத்தாக நிற்கும்படி செய்து விற்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்குகளையும் நான் படுக்க வைத்தே பயன்படுத்துகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அது சாய்ந்தால் 300 ஜி கணக்கு செல்லாது; 70 கணக்குதான்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். உலோகத்தோடு உலோகம் ‘கிளிக்’ என்று தட்டும் அந்த ஒலி கிரானைட்டைவிட மோசம். இரண்டுமே விட்டுக்கொடுக்காத பொருள்கள், அடியும் இரண்டுக்குமே. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிச் சரிசெய்வது, கூட்டுக்குள் போகாவிட்டால் உள்ளங்கையால் குத்தி ஏற்றுவது, இவையும் அந்தக் குடும்பம்தான். கூட்டில் இறுக்கமாக இருந்தால் எங்கோ தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

கேபினெட்டைப் படுக்க வைத்துப் பூட்டினால் ஹார்ட் டிஸ்க் எங்கும் தொங்காது. பின்பக்கத் தகட்டை அழுத்திப் பொருத்துவது, குளிர்விப்பானைப் பூட்டுவது போன்ற இடியும் அமுக்கலும் உள்ள வேலைகள் முடிந்த பிறகு கடைசியாக அதைப் பூட்டலாம். நான் கேட்ட மெக்கானிக்குகளில் பலர் இதற்கு நேர்மாறாக முதலில் பூட்டுகிறார்கள். இடம் தாராளமாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கை வசதிக்கு அது சரி, ஹார்ட் டிஸ்குக்குச் சரியில்லை. பக்கவாட்டில் பிடியுங்கள்; மூடியை அழுத்தாதீர்கள். விரிப்பாக மவுஸ் பேடே போதும். நிலைமின்சாரம் தடுக்கும் உறையைப் பூட்டும் கணம்வரை கழற்ற வேண்டாம். திருகுகளை நான்கும் போடுங்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மிச்சமான இரண்டு மேசை இழுப்பறையில் கிடக்கும்.

ஓடவிட்டுச் சோதிக்கும்போதுதான் இன்னொரு தவறு. வேலை செய்கிறது என்று தெரிந்ததும் கேபினெட்டை அப்படியே நகர்த்தி மேசைக்கு அடியில் தள்ளுகிறோம். அணைத்துவிட்டு நகர்த்துங்கள். அணைத்த பிறகும் கால் நிமிடம் பொறுங்கள். வட்டு ஓயும்வரை அது சுழலும் பம்பரம்.

ரப்பர் வாஷர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இடியைத் தணிக்க ரப்பர் நல்லது. ஆனால் அதிகத் தொளதொளப்பு வேறு வினை செய்யும். கரம் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெடுக்கென்று தாவும்போது, துப்பாக்கியின் பின்னுதைப்பு போல ஹார்ட் டிஸ்கின் உடலும் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். பிடி தளர்ந்திருந்தால் தன் அசைவே தனக்குப் பகையாகும். பல ஹார்ட் டிஸ்குகள் வரிசையாக ஓடும் பெட்டிகளில் ஒன்றின் தாவல் பக்கத்துக்காரரை ஆட்டும். அதனால்தான் அவ்வகைப் பெட்டிகளுக்கென்று விற்பவற்றில் பலவற்றில் சுழலதிர்வை உணர்ந்து கரத்தைத் திருத்தும் உணரிகள் வைக்கிறார்கள்.

கூச்சலும் இடிதான்

50 நானோமீட்டர் தடத்தைப் பின்தொடரும் முனைக்கு, தொடாமலேயே தொந்தரவு கொடுக்கலாம். 2008-ஆம் ஆண்டின் கடைசியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு தரவு மையத்தில் ஹார்ட் டிஸ்க் அடுக்கின் முன் நின்று வாய்விட்டுக் கத்தினார். திரையில் அந்தக் கணத்தில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஆகும் நேரம் செங்குத்தாக உயர்ந்தது. கத்தல் நின்றதும் இறங்கியது. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு அமைப்பைச் சோதித்தார்கள். தீயை அணைக்கும் மந்த வாயு பீறிட்ட சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. அந்த அதிர்விலேயே பல ஹார்ட் டிஸ்குகள் பழுதாயின. சுமார் பத்து மணி நேரம் வங்கியின் அட்டைகள் வேலை செய்யவில்லை.

நானூறு மில்லி விநாடி

இவ்வளவும் தெரிந்த பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் அசைவை உணரும் ஒரு சில்லை வைத்தது. நிலை தடுமாறுவதை அது உணர்ந்ததும் ஹார்ட் டிஸ்கின் முனையை ஒதுக்கிவிடும். மேசை உயரத்திலிருந்து, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், மடிக்கணினி தரையை எட்ட நானூறு மில்லி விநாடி ஆகும். முனை தன் படுக்கைக்குப் போய்ச் சேர அது தாராளம். ஆனால் நம் ரீம் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஐந்து சென்டிமீட்டர் விழ நூறு மில்லி விநாடிதான். விழுவதை உணர்ந்து, முடிவெடுத்து, ஒதுங்குவதற்குள் அடி விழுந்திருக்கும். பெரிய வீழ்ச்சிக்குக் காவல் வைக்க முடிந்தது. சின்ன ‘டக்’குக்குக் காவல் நம் கைதான்.

மூன்று வாரம் கழித்து

குப்புறச் சாய்ந்த என் ஹார்ட் டிஸ்க் அன்று நன்றாகத்தான் ஓடியது. இந்தக் காயத்தின் கொடுமையே அதுதான். கண்ணாடி டம்ளர் விழுந்தால் அங்கேயே சிதறிவிடும். நமக்குப் பாடம் உடனே கிடைக்கும். ஹார்ட் டிஸ்கில் அடி ஒரு நாள், சாவு இன்னொரு நாள். லேசாக வளைந்த தகடு முனையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கும். அது எப்போதாவது உரசும். உரசினால் தூள், மூன்று நானோமீட்டர் இடைவெளியில் அந்தத் தூள் மலை. உள்ளே காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டி இருந்தும், அது பிடிப்பதற்குள் ஒரு துணுக்கு முனைக்கடியில் சிக்கி இன்னொரு கீறலைப் போடும். கீறல் இன்னும் தூளைத் தரும்.

ஹார்ட் டிஸ்க் இதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. ‘ஸ்மார்ட்’ என்ற நாட்குறிப்பு அதற்குள் இருக்கிறது; இலவச மென்பொருள்களால் யாரும் அதைப் படிக்கலாம். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்கள் ஒதுக்கப்பட்டன என்பது அதில் ஒரு வரி. புதிதாகப் பூட்டிய ஹார்ட் டிஸ்கில் அந்த எண் சுழியமாக இருக்க வேண்டும். பூட்டிய அன்றே ஒரு முறை முழு வட்டையும் படிக்கவைத்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம்வரை வாரம் ஒரு முறை பாருங்கள். அதுவரை பழைய பிரதியை அழிக்காதீர்கள். நான் பார்க்கவில்லை. பழைய பிரதியை இரண்டாம் நாளே அழித்துவிட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், சிறு இடைவெளி, மறுபடி டக். வட்டில் தொழிற்சாலையிலேயே எழுதி வைத்த வழிகாட்டிக் குறிகளை முனை தேடுகிறது. காணவில்லை. கரம் திரும்பி வந்து தடுப்பில் இடித்து, முதலிலிருந்து தேடத் தொடங்குகிறது. அந்த இடிப்புதான் காதில் விழும் ஓசை. நான் செய்தது, மூன்று முறை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தது. செய்திருக்க வேண்டியது, முதல் ஓசையிலேயே அணைத்து, அப்படியே கழற்றி, தூசியில்லா அறை வைத்திருக்கும் தகவல் மீட்பாளரிடம் கொண்டுபோவது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் சேதமான முனை மறுபடி வட்டின்மேல் ஏறி, இன்னும் கீறப்படாமல் இருக்கும் தடங்களின்மேல் உரசிக்கொண்டு போகிறது.